பள்ளிக்கூட வாட்ஸ்அப்புக்கு ஒரு பக்க விதிமுறை வேண்டும்!

ஆசிரியரின் மானமும் பிள்ளையின் பத்திரமும் அதில் அடங்கியிருக்கிறது

- நமது பிச்சாட்டூர் நிருபர்

சென்னையில் இருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்குப் பிச்சாட்டூர் தெரியாமல் இராது. சுருட்டப்பள்ளியில் ஆந்திர எல்லை தொடங்குகிறது. நாகலாபுரத்தைத் தாண்டினால் பிச்சாட்டூர். ஆரணியாற்று அணைக்கட்டு உள்ள ஊர். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி வரை இது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று பிறந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மாவட்டம் மாறினாலும் கடைத்தெருப் பேச்சு மாறவில்லை. ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும்.

எல்லைப் பக்கத்துக் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி எல்லை மாற்றச் சட்டம் அமலுக்கு வந்தபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குக் கிடைத்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களைச் சேர்ந்த சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கிராமங்கள் கைமாறினாலும் அங்கே குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஆகவே இந்த வட்டாரத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் ஏராளம்.

தகப்பன் ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில் என்பதும் இங்கே சர்வ சாதாரணம். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் ஷிப்டு வேலை. சென்னையில் கட்டட வேலை. திருப்பதியில் ஓட்டல் வேலை. பிள்ளை தாயாரிடமோ பாட்டியிடமோ இருந்து படிக்கிறது. விஜயவாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் வாசகர்கள் பலருடைய நிலைமையும் இதுவேதான்.

அப்படிப்பட்ட தகப்பனாருக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே இன்று இருக்கும் ஒரே பாலம் வாட்ஸ்அப் குரூப். நாளைக்கு லீவு என்பது அதில் வருகிறது. வீட்டுப் பாடம் அதில் வருகிறது. மார்க் வருகிறது, பீஸ் கட்டவில்லை என்ற தகவலும் வருகிறது. பள்ளிக்கூட வாசலை மிதிக்க நேரமில்லாத தொழிலாளிக்கு அந்தச் சின்னத் திரைதான் பள்ளிக்கூடம்.

அந்தப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்பதே கேள்வி. குரூப்பில் யார் எழுதலாம், எதை எழுதலாம், எத்தனை மணி வரை எழுதலாம், ஆசிரியர் மாணவனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாமா, பிள்ளைகளின் போட்டோவைப் போடலாமா? உங்கள் பிள்ளையின் பள்ளியில் இவற்றுக்கு எழுத்து மூலமான பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலை எழுதி வைக்க ஒரு தாளின் ஒரு பக்கம் போதும். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

எப்படி வந்தது இந்த வழக்கம்?

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முன்பும் சில பள்ளிகளில் குரூப் இருந்தது. ஆனால் எல்லா ஆசிரியர்களையும் அதற்குள் தள்ளியது அந்த ஆண்டுதான். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, இரவோடு இரவாக செல்போனில் பாடம் அனுப்ப வேண்டியதாயிற்று. எப்படி அனுப்புவது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. எதை அனுப்பக் கூடாது என்று கற்றுக்கொடுக்க நேரம் இல்லை.

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் என்.சி.இ.ஆர்.டி.யும் யுனெஸ்கோவின் டெல்லி அலுவலகமும் சேர்ந்து இணையவழிப் படிப்பில் பாதுகாப்பு பற்றி ஒரு கையேடு வெளியிட்டன. ஜூலை மாதம் 'பிரக்யாதா' என்ற பெயரில் நெறிமுறைகள் வந்தன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்று அதில் சொல்லப்பட்டது. திரையின் முன் எத்தனை நிமிடம் என்ற கணக்கு வந்தது. திரைக்குப் பின்னால் ஆசிரியரும் மாணவரும் பழகும் முறைக்கு ஒவ்வொரு பள்ளியும் தானே கணக்குப் போட வேண்டியிருந்தது.

கொரோனா போய்விட்டது, குரூப் போகவில்லை. போகப்போவதும் இல்லை. ஆந்திர அரசே 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி 'மன மித்ரா' என்ற வாட்ஸ்அப் சேவையைத் தொடங்கியது. அந்த ஆண்டு 10-ம் வகுப்பு ரிசல்ட்டைக்கூட அதிலேயே பார்க்க முடிந்தது. அரசாங்கமே வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்ட பிறகு, பள்ளிக்கூடம் மட்டும் வேண்டாம் என்று சொல்வது நடக்காத காரியம்.

ஆசிரியரின் சங்கடம்

இந்த விஷயத்தில் ஆசிரியரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2022-ம் ஆண்டு ஆந்திர அரசு முகத்தைப் படம் பிடித்து வருகைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கான செயலியை ஆசிரியர்கள் தங்கள் சொந்த செல்போனில் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஆசிரியர் சங்கங்கள் ஆட்சேபித்தன. அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டு மாதத்தில், மாணவர்கள் பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது, ஆசிரியர்களும் அதை வகுப்பறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கல்வியில் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ அந்த ஜூலையில் எச்சரித்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

ஆக, ஆசிரியரின் சொந்த செல்போன் காலையில் வருகைப் பதிவுக்கு வேண்டும். வகுப்பு நேரத்தில் கண்ணில் படக் கூடாது. சாயங்காலம் குரூப்பில் வீட்டுப் பாடம் போட மறுபடியும் வேண்டும். ராத்திரி 10 மணிக்கு ஒரு தாயார், "சார், நாளைக்கு என்ன யூனிபாரம்?" என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதே போனில்தான் அவருடைய குடும்பப் போட்டோ, மாமனார் வீட்டுச் செய்தி, கட்சி மீம்ஸ் எல்லாம் இருக்கிறது. விரல் ஒரு அங்குலம் தவறினால் வீட்டுச் செய்தி பள்ளிக் குரூப்பில் விழும். தவறு செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாத நல்ல ஆசிரியர் ஒரு நிமிடத்தில் தலைகுனிய நேரிடும்.

சென்னையில் கிடைத்த பாடம்

வினையான சங்கதியும் உண்டு. 2021-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு பிரபல தனியார் பள்ளியில், ஆன்லைன் வகுப்பில் முறைகேடாக நடந்துகொண்டதாக ஓர் ஆசிரியர் மீது புகார் எழுந்தது. போக்சோ சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். பழைய மாணவிகள் சமூக வலைத்தளத்தில் வாய் திறந்த பிறகே விஷயம் வெளியே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளைப் பற்றியும் புகார்கள் வந்தன.

தமிழக அரசு உடனே நடவடிக்கை எடுத்தது. ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வப்போது அவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வகுப்பறைக்கு எப்படி உடுத்தி வருவார்களோ அப்படியே ஆசிரியரும் மாணவரும் திரையின் முன் வர வேண்டும் என்றது. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும், அதில் தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார், ஆசிரியரல்லாத ஊழியர் ஆகியோர் இடம்பெற வேண்டும் என்றும் விதி வகுத்தது. மாணவர்கள் புகார் சொல்ல 14417 என்ற தொலைபேசி எண்ணும் அறிவிக்கப்பட்டது.

இந்த விதிகள் ஊத்துக்கோட்டை வரை செல்லும். சுருட்டப்பள்ளியில் நின்றுவிடும். ஆனால் செல்போனுக்கு செக்போஸ்ட் கிடையாது. ஊத்துக்கோட்டையில் உள்ள பிள்ளைக்கு வரும் ஆபத்து பிச்சாட்டூர் பிள்ளைக்கும் வரும். எனவே அங்கே எழுதிய நல்ல விதியை இங்கே உள்ள பள்ளி எடுத்துக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை.

தடை போட்டால் தீருமா?

"எதற்கு இந்த வம்பு? ஆசிரியரும் மாணவரும் சமூக வலைத்தளத்தில் பேசவே கூடாது என்று தடை போட்டுவிட்டால் போகிறது" என்று சிலர் சொல்லலாம். அமெரிக்காவில் மிசௌரி மாகாணம் அதைச் செய்து பார்த்தது. ஆசிரியரும் மாணவரும் மற்றவர் பார்க்க முடியாதபடி தனியாகப் பேச இடம் தரும் வலைத்தளங்களை ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது என்று 2011-ம் ஆண்டு அங்கே சட்டம் நிறைவேறியது. ஆசிரியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆசிரியையின் சொந்த மகன் அதே பள்ளியில் படித்தால் தாயும் மகனும்கூடப் பேச முடியாதே என்ற கேள்வி எழுந்தது. பேச்சுரிமையை அளவுக்கு மீறி ஒடுக்குகிறது என்று நீதிபதி ஆகஸ்டு மாதம் அந்தச் சட்டத்துக்குத் தடை விதித்தார். சில வாரங்களில் சட்டசபையே அந்தப் பகுதியை ரத்து செய்தது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் தனக்குத் தகுந்த விதியை எழுதிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதே 2011-ம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேறு வழியில் போனார்கள். ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு தன் அங்கத்தினர்களுக்கு ஓர் ஆலோசனைக் குறிப்பு அனுப்பியது. சமூக வலைத்தளமே வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. படிப்புக்கு அது உதவும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மாணவர்களின் 'பிரண்ட்' அழைப்பை ஏற்க வேண்டாம், நீங்களும் அழைக்க வேண்டாம். அந்தரங்கமான செய்திகளும் போட்டோக்களும் பரிமாற வேண்டாம். வகுப்புக்காக வலைத்தளத்தைப் பயன்படுத்தப் போவதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்று புத்தி சொன்னது. ஆசிரியர் என்பவர் பள்ளி மணி அடித்த பிறகும் ஆசிரியர்தான் என்பது அதன் சாரம்.

மிசௌரி போட்ட பூட்டு உடைந்தது. ஒன்டாரியோ சொன்ன புத்தி நிலைத்தது. பின்னால் அதைப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். நாம் பார்த்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இதுதான்.

சட்டம் எங்கே வருகிறது?

நம் நாட்டில் ஆசிரியரின் செல்போனைத் தொடும் சட்டங்கள் பல உண்டு. தனித்தனியே கிடப்பதால் யாருக்கும் அவை கண்ணில் படுவதில்லை.

கெட்ட எண்ணத்துடன் ஒரு சிறுவனையோ சிறுமியையோ மின்னணுச் சாதனம் மூலம் விடாமல் தொடர்புகொள்வதும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மூடி மறைத்தால், நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை தண்டனை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று சமாதானம் பேசி முடிக்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்று 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. "இந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கும் வரை ஷேர் பண்ணுங்கள்" என்று படத்துடன் பரப்புகிறவர் நல்லெண்ணத்தில் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகலாம்.

2023-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய விவரங்களைக் கணினியில் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அதன் கொள்கை. அதற்கான விதிகள் 2025-ம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக அமலாகும்படி வகுக்கப்பட்டுள்ளன.

குரூப் அட்மின்களுக்கு ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. குரூப்பில் வேறொருவர் போட்ட ஆபாசத்துக்கு அட்மின் குற்றவாளி ஆக மாட்டார் என்று கேரள ஐகோர்ட்டு 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. மும்பை ஐகோர்ட்டின் நாகபுரி பெஞ்சும் அதற்கு முந்தைய ஆண்டு அதே கருத்தைத் தெரிவித்தது. ஆனால் ஆசிரியர் வெறும் அட்மின் மட்டும் அல்ல. அவர் பிள்ளைகளின் காவலர் ஸ்தானத்தில் இருப்பவர். கெட்ட செய்தி வந்தால் உடனே நீக்குவதும் தலைமை ஆசிரியருக்குச் சொல்வதும் அவர் கடமை.

அரசியல் பதிவு போடலாமா?

அரசு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆந்திர அரசு ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பேஸ்புக்கும் நாலு பேர் கூடும் இடம்தான் என்பதை மறக்கக் கூடாது.

அதற்காக ஊழியரின் வாயை அடியோடு கட்டிவிட முடியாது. திரிபுராவில் ஓர் அரசு ஊழியர் பேஸ்புக்கில் எழுதியதற்காக ஓய்வு பெறச் சில நாட்களே இருந்த சமயத்தில் சஸ்பெண்டு செய்யப்பட்டார். அரசு ஊழியர் என்பதாலேயே ஒருவர் தன் பேச்சுரிமையை இழந்துவிடுவதில்லை என்று 2020-ம் ஆண்டு ஜனவரியில் அந்த மாநில ஐகோர்ட்டு கூறியது. நடத்தை விதிகள் வகுத்த எல்லைக்குள் அந்த உரிமை இருக்கிறது என்றும் சொன்னது.

நடைமுறையில் இதற்கு எளிய வழி உண்டு. ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைச் சொந்தப் பக்கத்தில், விதிகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளட்டும். பள்ளிக் குரூப்பில் கட்சியும் வேண்டாம், சாதியும் வேண்டாம், மதப் பிரசாரமும் வேண்டாம். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் அது.

ரயில்வேயில் ஒரு வழக்கம்

நான் பிழைப்புக்கு ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். அங்கே உள்ள ஒரு வழக்கம் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் டெலிபோனில் தினமும் பேசுகிறவர்கள்தான். சொந்த அண்ணன் தம்பி மாதிரி பழகினாலும், ரயில் சம்பந்தமான உறுதிமொழி என்றால் வாய்ப்பேச்சு செல்லாது. 'பிரைவேட் நம்பர்' என்று ஒரு எண்ணைக் கொடுத்து வாங்கி, நேரத்தோடு ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாததால் அல்ல. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் இருவரையும் காப்பாற்றப்போவது அந்த எழுத்துதான்.

பள்ளிக்கூட குரூப்பும் அப்படித்தான். விதிமுறை எழுதுவோம் என்றால், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சில ஆசிரியர்கள் வருத்தப்படலாம். எழுதி வைத்த விதி முதலில் காப்பாற்றுவது நல்ல ஆசிரியரைத்தான். "சார் ஏன் எனக்குத் தனியாகப் பதில் போடவில்லை?" என்று ஒரு மாணவி கேட்டால், "பள்ளி விதி அம்மா" என்று சொல்லி அவர் நிம்மதியாக இருக்கலாம்.

மொழியையும் மறக்கக் கூடாது

எல்லை ஊர்களுக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. குரூப்பில் செய்தி தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ வரும். தாயார் தெலுங்கு பேசுவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. தகப்பனார் தமிழ் மட்டும் படிப்பார். விளைவு, செய்தியைப் படித்துச் சொல்கிற வேலை பிள்ளையின் கைக்குப் போகிறது. "உங்கள் மகன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை" என்ற செய்தியை அந்த மகனே படித்துச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இதற்குச் செலவில்லாத பரிகாரம் உண்டு. முக்கியமான தகவலை எழுத்தோடு சேர்த்து, தெலுங்கிலும் தமிழிலும் அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கிடைக்காமல் போக மாட்டார்.

ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம்?

மேலே சொன்னவற்றை எல்லாம் சேர்த்து, எந்தப் பள்ளியும் ஒரு பக்கத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டக்கூடிய விதிகளைக் கீழே தருகிறேன். இவை உத்தரவு அல்ல, யோசனைதான். கூட்டலாம், குறைக்கலாம்.

1. வகுப்புக் குரூப் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரும் அதில் அட்மினாக இருக்க வேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும்.

2. குரூப்பில் பெற்றோரின் எண்தான் சேர வேண்டும். வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளவே 13 வயது ஆக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சொந்த விதி.

3. அட்மின் மட்டும் எழுதலாம் என்ற வசதி 2018-ம் ஆண்டில் இருந்து வாட்ஸ்அப்பில் உண்டு. அறிவிப்புக் குரூப்பில் அதைப் போட்டுவிட்டால் குட்மார்னிங் படமும் வீட்டுமனை விளம்பரமும் தானாக நின்றுவிடும்.

4. ஆசிரியர் மாணவருக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. அவசரம் என்றால் பெற்றோர் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். மாணவரே தனியாக எழுதினால், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பிள்ளை ஏதாவது ஆபத்தைப் பற்றி எழுதியிருந்தால் மட்டும் அன்றே தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் 1098-க்குத் தகவல் தர வேண்டும்.

5. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் தற்போது படிக்கும் மாணவர்களின் நட்பு அழைப்பை ஏற்பதில்லை என்று எல்லா ஆசிரியர்களும் பொதுவாக முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் ஏற்று ஒருவர் மறுத்தால் மறுத்தவர் கெட்டவர் ஆகிவிடுவார்.

6. பிள்ளைகளின் போட்டோ, வீடியோ போடுவதற்குப் பெற்றோரிடம் வருஷத் தொடக்கத்தில் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். ஆசிரியரின் சொந்தப் பக்கத்தில் போடவே கூடாது. பேர், வகுப்பு, ஊர் மூன்றையும் படத்தோடு சேர்த்துப் போடுவது அந்நியனுக்கு விலாசம் கொடுப்பதற்குச் சமம்.

7. மார்க், பீஸ் பாக்கி, கண்டிப்பு ஆகியவை பொதுக் குரூப்பில் வரக் கூடாது. ஒரு பிள்ளையின் குறையை 40 வீட்டுக்குச் சொல்வது பிரம்பை விட வலிக்கும்.

8. செய்தி அனுப்பும் நேரம் காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை. அதற்குப் பிறகு கேட்கும் கேள்விக்கு மறுநாள்தான் பதில் என்பதைப் பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

9. சரிபார்க்காத செய்தியைப் பரப்பக் கூடாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் 2018-ம் ஆண்டு நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்தே கொல்லப்பட்டார்கள் என்பதை மறக்க முடியாது.

10. புகார் யாரிடம் சொல்வது என்பதை அந்தத் தாளிலேயே எழுதி வைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றப் புகார் எண் 1930 ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண குரூப்பில் சேர்ந்தால் அதில் உள்ள எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அது பிடிக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயங்குவது நியாயமே. 'பிராட்காஸ்ட்' முறையில் அனுப்பினால் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியரின் நம்பரைத் தங்கள் போனில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெற்றோர் கூட்டம் போதும்.

யார் தொடங்குவது?

"இதெல்லாம் கல்வி இலாகா செய்ய வேண்டிய வேலை, நம்மால் ஆகுமா?" என்று கேட்க வேண்டாம். ஆகும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி நிர்வாகக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. வாட்ஸ்அப் குரூப்பும் பள்ளி நடைபெறும் விதத்தில் ஒன்றுதானே?

தலைமை ஆசிரியர் நல்ல மனதுடன் உட்கார்ந்தால், ஒரு சனிக்கிழமைச் சாயங்காலத்தில் இந்த ஒரு பக்கம் எழுதி முடிந்துவிடும். காகிதச் செலவு இரண்டு ரூபாய்கூட ஆகாது. ஆசிரியர்களும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டால், மறுநாள் முதல் யாருக்கும் யார் மேலும் சந்தேகம் வேண்டியதில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை லீவில் ஊருக்கு வரும்போது பிள்ளைக்குத் தின்பண்டமும் புதுத் துணியும் வாங்கி வருவீர்கள். அதோடு பள்ளிக்கூடம் வரை ஒரு நடை போங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். "சார், நம் குரூப்புக்கு ஏதாவது விதிமுறை இருக்கிறதா? இல்லை என்றால் எழுதுவோமே" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். ராத்திரி 10 மணிக்கு யூனிபாரம் பற்றிப் பதில் சொல்லும் சிரமம் அவர்களுக்கும் தீர வேண்டாமா?